ரோசாப்பூக் கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர்

மச்சாள் எந்தப் போத்தலையும் நம்பமாட்டார். ஆட்களை நம்புவார், அதுவும் கண்டபடி நம்புவார். மீன்காரன் "இப்பதான் அம்மா வலையால வந்தது" என்றால் போதும், செவுளைக்கூடப் பார்க்காமல் வாங்கிவிடுவார். ஆனால் ஒரு வெறும் போத்தலைக் கையில் கொடுத்தால் முகம் மாறிவிடும். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் உள்ளே பார்ப்பார். பிறகு மூக்கை வைப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"இதுக்குள்ள முந்தி என்ன இருந்தது?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தே ஒரு கிழமைதான். போத்தலோ எனக்கு முன்னமே வந்தது.

மச்சாள் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்துப் படிப்பித்து, துறைமுகத்து வேலைத்தலத்தில் சேர்த்துவிட்டு, கடைசியில் என்னையும் தேடிப் பிடித்துக் கட்டி வைத்தவர். தனக்கு ஒன்று பார்க்க மறந்துபோனார் என்று ஊர் சொல்லும். மறந்துபோகிற ஆளா அவர்! அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், உட்துறைமுக வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கப்பலின் புகைக்குழாய் தெரியும். ஒழுங்கையில் பாதி வீடு கத்தோலிக்கர். ஞானஸ்நானமோ கலியாணமோ கிறிஸ்மஸோ, கேக்கும் வைனும் இல்லாமல் ஒன்றும் தொடங்காது. கேக் யார் வீட்டிலும் செய்வார்கள். வைன் எங்கள் வீட்டில் மச்சாள் கையால்தான்.

வைன் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முந்திரிகை வத்தல், சீனி, ஒரு பிடி கோதுமை, கராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். கொதித்தாறிய தண்ணீரோடு சாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்தால் தன் பாட்டில் பொங்கிக் குமிழி விடும். செய்கிற வேலை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கழுவுகிற வேலை. சாடி கழுவ வேண்டும், அகப்பை கழுவ வேண்டும், வைனை வடிக்கிற ரப்பர் குழாய் கழுவ வேண்டும், புனல், தக்கை, கட்டுகிற துணி, எல்லாம் கழுவ வேண்டும். கழுவிய கையையும் கழுவ வேண்டும். நான் பிறந்த வீட்டில் இவ்வளவு கழுவி ஒரு பிள்ளையைக்கூட வளர்த்ததில்லை.

"ஒரு ஊத்தை கிடந்தால் காணும், வைன் முழுக்க வினாகிரியாப் போயிடும். பிறகு கலியாண வீட்டில வினாகிரியைக் குடிச்சுப்போட்டு ஆர்ர பேரைச் சொல்லுவினம்? உம்மட பேரையோ?"

"உங்கட பேரைத்தான் மச்சாள்."

"அப்ப தேயும்."

தேய்த்த பிறகு மருந்து. கிணற்றுக்குப் போடுகிற கொண்டிஸ்தான் அவருடைய மருந்து. கறுத்த சீனி போலத் தூளாக இருக்கும். தண்ணீரில் போட்டால் கடும் ஊதா நிறமாகப் பரவும். அந்தக் கடும் தண்ணீரைக் கரைத்து ஓரிடத்தில் வைத்திருப்பார். கழுவுகிற நாளில் அதில் ஒரு சிரட்டை அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றினால் வாளி முழுக்க ரோசா நிறமாகும். அதில் போத்தல்களைத் தாழ்த்தி வைத்து, பிறகு கொதித்தாறிய தண்ணீரால் அலச வேண்டும். கடைசித் தண்ணீர் நிறமே இல்லாமல் வருகிற வரைக்கும் அலச வேண்டும். "வந்திட்டுது மச்சாள்" என்பேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் ரோசாவாத் தெரியுது" என்பார். அவருக்கு வானமே ரோசாவாகத்தான் தெரியும் என்று நான் மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

அந்தத் தூளைக் கண்ட இடத்தில் வைக்கவும் விடமாட்டார். ஈரம் படக்கூடாது, வெயில் படக்கூடாது. சீனியோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நெருப்புப் பிடிக்குமாம். நான் ஒருநாள் தூசி தட்டும்போது இடம் மாற்றி வைத்துவிட, "வீட்டைக் கொளுத்தப் பாக்கிறீரோ காணும்? என்னில கோவம் எண்டால் வாயால சொல்லும்" என்று வேலிக்கு அப்பால் கேட்கத்தக்கதாகக் கத்தினார்.

இந்தக் கழுவலில் அவருடைய நகமெல்லாம் மண்ணிறமாகப் போயிருந்தது. கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டி கொண்டுவருகிற உம்மா ஒருநாள் மச்சாளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மருதோண்டி நல்லாப் பிடிச்சிருக்கு மகள். ஆருக்குக் கலியாணம்?"

"போத்தலுக்கு உம்மா" என்றார் மச்சாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. எல்லாம் இவரால் வந்தது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் கலியாணத்துக்கு முந்தி ஒருநாள் இவர் அலுமாரிக்குப் பின்னால் ஒரு சாராயப் போத்தலைக் கண்டிருக்கிறார். அப்பர் விட்டுவிட்டுப் போன சொத்தாக்கும் என்று ஒரே மடக்கு. மண்ணெண்ணெய்! ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பி வந்தார். வந்த பிறகும் பல நாளைக்கு இவருக்குப் பக்கத்தில் யாரும் சுருட்டுப் பற்ற வைக்கக்கூடாது என்று மச்சாள் கட்டளை போட்டிருந்தாராம். கூட்டாளிமார் இவரைத் தூரத்தில் கண்டாலே "லாம்பு வருகுது" என்பார்களாம். எனக்கு இதைக் கலியாணத்துக்கு முதல் ஒருவரும் சொல்லவில்லை.

மச்சாளுக்கு அது சிரிப்புக் கதை இல்லை. அந்த நாளைப் பற்றிப் பேசினால் இப்போதும் குரல் தடுமாறும். "வாயால நுரை வந்தது காணும். என்ர கண்ணுக்கு முன்னால" என்பார். அன்றைக்கே வீட்டிலிருந்த எல்லாப் போத்தலையும் வெளியே எடுத்து ஒரு சட்டம் போட்டார். குடிக்கிற சாமானில் நஞ்சு நிற்கக்கூடாது. நஞ்சு நின்ற சாமானில் பிறகு குடிக்கவும் கூடாது.

சட்டம் சரி, அந்த ஊதாத் தண்ணீரை எதில் வைப்பது? முதலில் ஒரு மண் முட்டியில் வைத்து, கடதாசியில் மண்டையோடு கீறி ஒட்டினார். மச்சாளுக்குத் தையலில் ஓடுகிற கை கீறலில் ஓடாது. அந்த மண்டையோடு பல்லெல்லாம் காட்டிச் சிரித்தது. இவர் குனிந்து பார்த்துவிட்டு, "உது எங்கட சின்னையா எல்லோ!" என்றார். உண்மையாகவே இவருடைய சித்தப்பா சின்னையாதான், அச்சொட்டாக அவரே. அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரெல்லாம் "சின்னையா எப்பிடி, சுகமாயிருக்கிறாரோ?" என்று முட்டியை விசாரிக்கத் தொடங்கினார்கள். மச்சாள் கடதாசியைக் கிழித்து எறிந்தார்.

வெள்ளைக்காரக் கப்பற்படை திருமலையை விட்டுப் போன காலம் அது. அதிகாரிமாரின் பங்களாச் சாமான்களெல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஊரே திரண்டு போனது. எது என்னத்துக்கு என்று தெரியாமல் சனம் அள்ளியது. தொப்பி கொழுவுகிற மரத்தைக் கொண்டுவந்து சேலை காயப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் எல்லோருக்கும் பிடித்த சாமான் ஒன்று இருந்தது. வழுவழுப்பான வெள்ளைப் பீங்கான், உருண்டை வயிறு, ஒற்றைக் கைபிடி, அழகான மூடி, சுற்றிவர ரோசாப்பூ. பாயாசத்துக்கென்றே செய்தது போல இருக்கும். பல வீட்டில் பாயாசம் அதில் வரத் தொடங்கியது.

மச்சாள் அந்தப் பங்களாக்களுக்குத் தைக்கப் போய் வந்தவர். அந்தக் கிண்ணம் கட்டிலுக்குக் கீழே என்ன வேலைக்கு இருந்தது என்று கண்ணால் கண்டவர். இரவில் எழும்பி வெளியே போகப் பஞ்சிப்பட்ட துரைமாரும் துரைசாணிமாரும் சலம் பெய்கிற சட்டி அது.

அதில் பாயாசம் வருவதை அறிந்த கையோடு ஒழுங்கை முழுக்க வேலிக்கு வேலி நின்று சொன்னார். நாசூக்காக ஒன்றும் சொல்லவில்லை, சலம் பெய்கிற சட்டி என்று அப்படியே சொன்னார். சிலர் காறித் துப்பினார்கள். ஒரு வீட்டில் அதற்குள் குறோட்டன் செடி நட்டார்கள். முன்வீட்டு ஆசிரியர் மனைவி இரண்டு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. ஆனால் அதில் பாயாசம் வருவது நின்றது.

ஊருக்கு அப்படிச் சொன்னவர் தானும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

"பயப்பிடாதையும். இது புதுசு. பெட்டியில வைக்கோலும் பிரிக்கேல்லை" என்றார். ஊதாத் தண்ணீரை அதற்குள் ஊற்றி, மூடியை மூடி, குசினிக்குப் பக்கத்தில் வைன் சாடிகள் இருக்கிற அறையில் பலகையில் வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "இனி இதுக்குள்ள கிடக்கிறதை ஆரும் குடிப்பினமோ, சொல்லும் பாப்பம்?"

"குடிக்கமாட்டினம் மச்சாள்" என்றேன். ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்தானே.

இனி அவருடைய கலியாணக் கதைக்கு வருகிறேன். இடங்கள் வராமல் இல்லை. மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வைனில் ஒரு எறும்பு மிதந்ததாம், விரலை விட்டு எடுத்தார். மச்சாள் எழும்பிப் போய், மாப்பிள்ளையின் கையிலிருந்த கிளாசை வாங்கி, சபை நடுவே கொட்டி, கழுவி, வேறு வைன் ஊற்றிக் கொடுத்தார். "குறை நினையாதேங்கோ. கையை எங்க வைச்சிட்டு வந்தனீங்களோ தெரியாது" என்றும் சேர்த்துச் சொன்னார். கேக் வெட்டுவதற்கு முதலே அந்தப் பேச்சு முறிந்தது. அடுத்த இடம், மாப்பிள்ளையின் தாய் கொண்டுவந்த பலகாரத்தை மச்சாள் மூக்கில் வைத்து மணந்து பார்த்ததோடு போயிற்று. இவருக்குக் கோபமான கோபம். "அக்கா, உங்களுக்குக் கலியாணம் வேணுமோ, சவுக்காரம் வேணுமோ?" என்று கேட்டுவிட்டார். மச்சாள் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பிறகு வந்ததுதான் பாலையூற்று இடம். மாப்பிள்ளைக்கு மனைவி தவறி நாலைந்து வருடம், பிள்ளைகள் இல்லை, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் களஞ்சியத்தில் வேலை. அதிகம் பேசாத மனிதன். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அக்கா இருந்தார். தம்பியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றே கூப்பிடுவார்கள்.

பேச்சு வந்த பிறகு ஒருநாள் இரண்டு பேருமாகப் போத்தல் அலசிக்கொண்டிருந்தோம். மச்சாள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"அந்த மனுசனைக் கோயில்ல பாத்திருக்கிறன். பாட்டுப் படிக்கேக்கை சத்தமே வராது. வாயை மட்டும் அசைப்பார்."

"அதுக்கென்ன மச்சாள்?"

"ஒண்டுமில்லை. பாவமாயிருக்கும் பாக்க." இன்னொரு போத்தலை எடுத்து வாளிக்குள் அமிழ்த்தினார். பிறகு, "எனக்கு இது சரிவரவேணும் காணும். ஒரு வீட்டில எனக்கெண்டு ஒரு ஆள் இருக்கவேணும் எண்டு விருப்பமாயிருக்கு. உமக்கு உம்மட ஆள் இருக்குத்தானே" என்றார்.

அவ்வளவு நாளும் திட்டித் திட்டித் தேய்த்த போத்தலை அன்றைக்கு இன்னும் இரண்டு தரம் கூடுதலாக அலசினேன்.

இவர் அக்காவிடம் சத்தியம் வாங்கினார். அவர்கள் வருகிற அன்றைக்கு எதையும் மணக்கக்கூடாது, எதையும் கழுவக்கூடாது, கேட்டதற்கு ஓம், இல்லை என்பதற்கு மேல் வாயைத் திறக்கக்கூடாது. மச்சாள் மாதா படத்துக்கு முன்னால் நின்று ஓம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தார்கள். மாப்பிள்ளை தும்பைப்பூப் போல வெள்ளைச் சேட் போட்டிருந்தார். பெரியக்கா கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கண் ஒரு இடத்தில் நிற்காது. கதிரையில் இருந்த கையோடு கூரை ஓடு தொடக்கம் நிலத்துச் சீமெந்து வரைக்கும் அளந்து முடித்துவிட்டார். நான் அறைக்குள் மச்சாளுக்குச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

"கை நடுங்குது மச்சாள் உங்களுக்கு."

"நடுங்கேல்லை. குளிருது."

ஆடி மாதத்து அனல் கச்சான் காற்றில், திருகோணமலையில், குளிருதாம்!

வைனை முன்கூட்டியே நல்ல போத்தலில் வடித்து விறாந்தை மேசையில் துணி மூடி வைத்திருந்தோம். மச்சாள் வெளியே வந்ததும் நான் ஊற்றிக் கொடுப்பது என்று ஏற்பாடு. நாங்கள் கேக் தட்டோடு வெளியே வந்தால், எல்லோர் கையிலும் ஏற்கெனவே கிளாஸ் இருக்கிறது. கதை மும்முரத்தில் நிறத்தைப் பாராமலே வாங்கி இவர் கையில் ஒன்று, மாப்பிள்ளை கையில் ஒன்று, பெரியக்கா கையில் ஒன்று. பெரியக்கா சந்தோஷமாகச் சிரித்தார்.

"பிள்ளையள் சேலை உடுத்திக்கொண்டு நிண்டியள், நான் குசினிப் பக்கம் போய் ஒரு கை குடுப்பம் எண்டு போனனான். நல்ல வைனை உள்ள ஒளிச்சு வைச்சிட்டு எங்களுக்குப் போத்தல் வைனோ? நான் விடுவனே! எங்கட வீட்டிலயும் உதே ரோசாப்பூக் கிண்ணம்தான். மூடியைத் திறந்தன், அள்ளி வாத்துக்கொண்டு வந்திட்டன்."

எங்கள் வைன் சாயத் தேநீர் நிறம். ஜன்னலால் விழுந்த வெயிலில் மாப்பிள்ளையின் கிளாஸ் கத்தரிக்காய் போல ஊதாவாக இருந்தது. வாளியில் கலந்த தண்ணீர் இல்லை, கரைத்து வைத்த கடும் தண்ணீர். குடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். நான் கத்த வாயைத் திறந்தேன், அதற்குள் மாப்பிள்ளை கிளாசை உதட்டில் வைத்துவிட்டார்.

மச்சாள் வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவர். திறக்கவில்லை. பாய்ந்தார். கேக் தட்டு ஒரு பக்கம் போனது. ஓங்கி ஒரு தட்டு, கிளாஸ் சுவரில் போய் உடைந்தது, மருந்துத் தண்ணீர் முழுக்க மாப்பிள்ளையின் வெள்ளைச் சேட்டில். அடுத்த கையால் பெரியக்காவின் கிளாசைப் பறித்தார். இவர் மட்டும் ஒருவரும் சொல்லாமலே கிளாசை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். பட்ட அனுபவம்.

"குடிச்சிட்டீங்களோ? வாயைத் திறவுங்கோ! நாக்கைக் காட்டுங்கோ!" சத்தியம் பறந்துவிட்டது. அந்த மனிதன் சின்னப்பிள்ளை போல நாக்கை நீட்டினார். நாக்கு ஊதாப் படாமல் நல்ல சிவப்பாக இருந்தது. மச்சாள் அவருடைய சேட்டைப் பிடித்தபடியே மூச்சு வாங்கினார்.

பெரியக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழும்பினார். "என்ன பிள்ளை இது? என்ன நடந்தது?"

"அது போத்தல் கழுவுற மருந்து அக்கா" என்றார் மச்சாள். "குடிச்சிருந்தால் குடல் வெந்திருக்கும்."

"கர்த்தரே!" பெரியக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பயம் கொஞ்சம் தெளிந்ததும் கோபம் வந்தது. "மருந்தை ஆராவது பாயாசக் கிண்ணத்தில வைப்பினமே? உமக்கு வேற சாமான் கிடைக்கேல்லையோ?"

இவர் மச்சாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், சொல்லாதேங்கோ என்று. நானும் பின்னால் சேலையைப் பிடித்து இழுத்தேன். பிழையாப் போச்சு, மன்னியுங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் சமாளித்துவிடலாம். மச்சாளும் விழுங்கிக்கொண்டார். நான் பார்த்தேன், விழுங்கிக்கொண்டார். "பிழையாப் போச்சு அக்கா" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

பெரியக்கா அதோடு விட்டிருக்கலாம். "எங்கட வீட்டில அந்தக் கிண்ணத்தை எப்பிடி வைச்சிருக்கிறம் தெரியுமே? நல்லநாள் பெருநாளுக்குத்தான் வெளியில எடுக்கிறது. நாளைக்கும் பாதர் சாப்பிட வாறார். பாயாசம் அதிலதான்!"

மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

"அக்கா" என்றார் மெல்ல. "உங்கட கிண்ணம் பெட்டியோட எடுத்ததோ, சும்மா எடுத்ததோ?"

"என்ன பெட்டி? ஏலத்தில சும்மாதான் எடுத்தது. ஏன்?"

மச்சாள் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார்.

"கோவிக்காதேங்கோ. அது பாயாசக் கிண்ணம் இல்லை. வெள்ளைக்காரர் இரவில கட்டிலுக்குக் கீழ வைச்சுச் சலம் பெய்யிற சட்டி. இது புதுசு, அதுதான் மருந்துக்கு வைச்சனான். உங்கடை பாவிச்சது."

பெரியக்காவின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. எத்தனை பாயாசம் அவர் மனதில் ஓடியதோ! பிறகு குடையை எடுத்தார். "என்ர குடும்பத்தை நடுவீட்டில வைச்சு இப்பிடி ஒருத்தரும் அவமானப்படுத்தேல்லை. தம்பி, எழும்பு!" என்று சொல்லிவிட்டு, தம்பி எழும்புகிறாரா என்று பாராமலே படியிறங்கி ஒழுங்கையில் நடந்தார்.

இவர் தலையில் கை வைத்தபடி கதிரையில் விழுந்தார். மச்சாள் நிலத்தில் குந்தி உடைந்த கிளாஸ் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த வீட்டுக்கு வந்து அவர் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான். எனக்குப் பெரியக்காவின் மேலும், அந்தக் கிண்ணத்தின் மேலும், அதைச் செய்து அனுப்பிய நாட்டின் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாப்பிள்ளை போகவில்லை. ஊதாச் சேட்டோடு அப்படியே நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார். அவர் குரலை நாங்கள் சரியாகக் கேட்டது அப்போதுதான்.

மச்சாள் நிமிர்ந்தார். "என்ன தெரியும்?"

"அந்தச் சட்டி. நான் முந்தி ஒபிசர்மாரின்ர பங்களாவில வேலை செய்தனான். எத்தினை தரம் கழுவியிருக்கிறன். அக்கா அதை ஆசையா வாங்கிக்கொண்டு வந்து காட்டின அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். வாய் வரேல்லை. பிறகு நாள் போகப் போகச் சொல்லவே ஏலாமல் போச்சு." மச்சாளைப் பார்த்து, "நீங்கள் ஒரு நிமிசத்தில சொல்லிப்போட்டியள். அக்கா போனால் போகட்டும். எனக்கு முழுச் சம்மதம்" என்றார்.

இவர் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். எனக்கு மச்சாளைக் கட்டிப் பிடிக்கவேணும் போல இருந்தது. இதுதானே வேண்டும்! ஓம் என்று ஒரு சொல் சொன்னால் காணும். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல எழும்பி நின்றார்.

"பாதர் அதில சாப்பிட்டவரோ?"

"ஓம்."

"அக்காவின்ர பிள்ளையள்?"

"ஓம்."

"நீங்கள்?"

மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். "இப்பவும் குடிக்கிற மாதிரி உதட்டில வைச்சதோட சரி. அங்க எனக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போடுவன்."

"உங்களுக்கு வயித்துக்குத்து! அந்தச் சின்னனுகள் வழிச்சு நக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்!" என்றார் மச்சாள். அழுத கண் காயவில்லை, அதற்குள் பத்திரகாளி. "எனக்கு உங்களைப் பிடிக்கும். இப்ப ஒளிச்சு என்ன. ஆனா தெரிஞ்சுகொண்டு வாய் மூடியிருக்கிற மனுசனோட எனக்கு ஏலாது. போங்கோ. பின்னால ஓடிப்போய், அது என்ன சட்டி எண்டு முந்தியே எனக்குத் தெரியும் எண்டு அக்காவுக்கு உங்கட வாயால சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாங்கோ, கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்."

"அக்கா!" என்று இவர் அலறினார். வந்த மாப்பிள்ளையைத் துரத்துகிற பெண்ணை எங்கேயாவது கண்டதுண்டா? நானும் "மச்சாள், மச்சாள்" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.

மச்சாள் வாசலுக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்தபடி, சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். நான்தான் கேற்றடிக்கு ஓடினேன். ஒழுங்கையின் மேல்முனையில், பெரிய வீதியில் ஏறப்போன பெரியக்காவை மாப்பிள்ளை பிடித்துவிட்டார். முன்னால் போய் மறித்து நின்றார். அவருடைய வாய் அசைந்தது. காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரியக்கா அசையாமல் நின்று கேட்டார்.

"என்ன காணும் நடக்குது?" உள்ளேயிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"கதைக்கிறார் மச்சாள்."

"பிறகு?"

"ஐயோ மச்சாள், அந்த மனுசி குடையால அடிக்கிறா! நடு ரோட்டில வைச்சு அடிக்கிறா! மாப்பிள்ளை தலையைப் பொத்திக்கொண்டு நிக்கிறார்!"

"அப்ப சொல்லிப்போட்டார்" என்றார் மச்சாள். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. "வருவினம். அந்தக் கேக்கைத் தூசி தட்டி வெட்டும்."